கூண்டை முன்னால் வைத்துக்கொண்டு படிப்பது

ஆராய்ச்சிக்கான விலங்குகளை வைத்துப் பராமரிக்கும் அனிமல் ஹவுஸில் கால்நடை மருத்துவராக வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், என் கையால் மூன்று கினிப்பன்றிகள் செத்தன.

கூண்டுக்குள் சண்டை போட்டதில் முதுகில் கடிபட்டு, புண் சீழ் வைத்திருந்தது. நாய்க்கும் ஆட்டுக்கும் எத்தனையோ முறை மருந்து போட்ட கை. எடை பார்த்து, அளவைக் கணக்கிட்டு, பென்சிலின் வகை மருந்தான ஆம்பிசிலின் போட்டேன். புண் காயத் தொடங்கியது. நான்காம் நாள் ஒன்று தீவனத்தைத் தொடவில்லை. ரோமம் சிலிர்த்துக்கொண்டு மூலையில் குந்தியிருந்தது, பின்பக்கம் ஈரமாக இருந்தது. மறுநாள் காலையில் விறைத்துக் கிடந்தது. அடுத்த இரண்டு நாட்களில் மற்ற இரண்டும் போயின. அறுத்துப் பார்த்தபோது சீக்கம் என்கிற அந்தப் பெரிய குடல்பை உப்பி, உள்ளே இரத்தம் கலந்த தண்ணீர்.

கினிப்பன்றியின் குடலில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டம் பென்சிலின் வகை மருந்துகளைத் தாங்காது. நல்லவை செத்துவிடும். அவை அடக்கி வைத்திருந்த கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற பாக்டீரியா பெருகி நஞ்சைக் கக்கும். வெள்ளெலி என்கிற ஹாம்ஸ்டருக்கும் இதே கதிதான். இதைச் சொல்ல ஒரு பத்தி போதும். அந்தப் பத்தி இருந்த புத்தகம் எங்கள் அனிமல் ஹவுஸ் அலுவலக அலமாரியிலேயே, நான் உட்காரும் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. மூன்றும் செத்த பிறகுதான் அதைத் திறந்தேன்.

போன மாதம், கல்லூரியில் எனக்குப் பின்னால் படித்த தங்கை ஒருத்தி கூப்பிட்டாள். மருந்து கம்பெனி ஒன்றின் அனிமல் ஹவுஸில் வேலை கிடைத்திருக்கிறது. "அக்கா, மாட்டையும் கோழியையும் படிச்சுட்டு எலிகிட்ட வந்து நிக்கிறேன். எதுல இருந்து ஆரம்பிக்கிறது? நீங்க என்ன படிச்சீங்களோ அத மட்டும் சொல்லுங்க." ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்லி வைத்துவிட முடியவில்லை. அவளுக்கு எழுதத் தொடங்கியதுதான் இப்படி நீண்டுவிட்டது.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். மாடு தின்னவில்லை என்றால் மாட்டுக்காரர் விடியற்காலையில் வந்து கதவைத் தட்டுவார். இரண்டு நாளாய் அசை போடவில்லை, சாணம் இறுகிப் போயிருக்கிறது என்று பாதி நோயை அவரே சொல்லிவிடுவார். ஆய்வக எலிக்கு அப்படி வந்து நிற்க ஆள் இல்லை. ஆராய்ச்சியாளருக்கு அது அட்டையில் உள்ள ஓர் எண். தவிர, சுண்டெலி பிறவியிலேயே வலியை மறைக்கிற உயிர். பருந்துக்கும் பாம்புக்கும் இரையாகிற உயிர் நொண்டிக் காட்டிக்கொண்டிருக்காது. இத்தனைக்கும் மேல், நாம் போடும் மருந்தே ஆராய்ச்சியைக் கெடுக்கலாம். வீக்கத்தைப் பற்றிய ஆராய்ச்சியில் இருக்கும் எலிக்கு வீக்கம் குறைக்கும் வலிமருந்தைப் போட்டால் முடிவு மாறிவிடும். போடாமல் விட்டால் வலியே உடம்பின் ஹார்மோன்களை மாற்றி முடிவைக் கெடுக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் எலியைத் தெரிந்திருக்க வேண்டும், நோயைத் தெரிந்திருக்க வேண்டும், அந்த ஆராய்ச்சி எதைத் தேடுகிறது என்பதையும் தெரிந்திருக்க வேண்டும். ஐந்தரை வருடப் படிப்பில் இதற்கு எனக்குக் கிடைத்தது சில மணி நேரப் பாடம்.

இந்தியாவில் இந்த வேலைக்கு வருகிறவர் மருந்துப் புத்தகத்துக்கு முன்பு சட்டத்தைப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம். அதன் நான்காம் அத்தியாயம் முழுவதும் விலங்குப் பரிசோதனை பற்றியது. கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல் 1952-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டு, அங்கே தனிநபர் மசோதாவாக இதைக் கொண்டுவந்தார். அரசே ஒரு மசோதா கொண்டுவரும் என்று நேரு சொன்னதன் பேரில் அதைத் திரும்பப் பெற்றார். அந்த வாக்குதான் 1960-ல் சட்டமாயிற்று. விலங்குப் பரிசோதனைகளைக் கட்டுப்படுத்தி மேற்பார்வையிட 15-ஆம் பிரிவின்படி அமைந்த குழுவை நெடுங்காலம் சிபிசிஎஸ்இஏ என்றோம், இப்போது பெயர் சுருங்கி சிசிஎஸ்இஏ. அந்தக் குழுவின் 1998-ஆம் ஆண்டு விதிகளும் வழிகாட்டுக் குறிப்புகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. புது எலி வந்தால் குறைந்தது ஒரு வாரம் தனியே வைக்க வேண்டும், நாய், பூனை, குரங்கு என்றால் ஆறு வாரம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் படித்து முடித்துவிடலாம்.

ஏன் இதை முதலில் சொல்கிறேன் என்றால், ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்க வேண்டிய விலங்கு நெறிமுறைக் குழுவில் கால்நடை மருத்துவருக்கு என்று ஓர் இடம் இருக்கிறது. அந்த நாற்காலியில் முதல் முறை உட்கார்ந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. ஓர் ஆராய்ச்சித் திட்டம் வந்தது. சுண்டெலியிடமிருந்து வாரம் ஒருமுறை அரை மில்லி இரத்தம் எடுப்பதாக எழுதியிருந்தார்கள். விஞ்ஞானிகள் எல்லோரும் அதைக் கடந்து அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்கள். விஞ்ஞானம் சாராத சமூக உறுப்பினர் ஒருவர் குழுவில் இருக்க வேண்டும் என்பது விதி. அன்று அந்த இடத்தில் இருந்தவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. அவர்தான் கேட்டார்: "அரை மில்லின்றீங்க. அந்தக் குட்டி உடம்புல அவ்வளவு இருக்குமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிரவு தேடிப் படித்தேன். 25 கிராம் சுண்டெலியின் உடம்பில் ஓடும் மொத்த இரத்தமே 2 மில்லிக்குச் சற்றுக் குறைவு. ஒரே நேரத்தில் எடுக்கலாம் என்று பொதுவாக ஏற்கப்பட்டது அதில் பத்தில் ஒரு பங்கு. பிறகு உடம்பு ஈடுகட்ட இரண்டு வாரம் விட வேண்டும். அந்தத் திட்டம் கேட்டது மொத்த இரத்தத்தில் கால் பங்குக்கு மேல், அதுவும் வாராவாரம். மறுநாள் காலையில் குழுத் தலைவருக்குக் கடிதம் எழுதினேன். திட்டம் திருத்தப்பட்டது. அந்த அம்மா கேட்டிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

சட்டத்துக்கு அடுத்தது 'கைடு'. முழுப் பெயர் நீளமானது, ஆய்வக விலங்குகளைப் பராமரிப்பதற்கும் பயன்படுத்துவதற்குமான வழிகாட்டி என்று பொருள் வரும். உலகம் முழுக்க எல்லோரும் கைடு என்றுதான் சொல்கிறார்கள். 1963-ல் அமெரிக்காவில் முதலில் வந்தது. நான் படித்தது 2011-ன் எட்டாம் பதிப்பு. அமெரிக்கத் தேசிய அகாதெமிகளின் பதிப்பகம் அதை இலவசமாகவே தரவிறக்கிக்கொள்ள விட்டிருக்கிறது. தர அங்கீகாரத்துக்கு ஆய்வு செய்ய வருகிறவர்கள் கையில் இருப்பதும் இதுதான்.

கைடை நாவல் போலப் படித்தால் தூக்கம் வரும். உன் அனிமல் ஹவுஸுக்குள் எடுத்துப் போய்ப் படி என்று தங்கையிடம் சொன்னேன். வெப்பநிலை பற்றிய பக்கத்தைத் தெர்மாமீட்டருக்கு அடியில் நின்று படித்ததால்தான் எனக்கு ஒன்று உறைத்தது. எலி அறைக்கு 20 முதல் 26 டிகிரி என்கிறது கைடு. எங்கள் அறை 22. ஆனால் சுண்டெலியின் உடம்புக்கு ஒத்துவரும் சூடு 30 டிகிரியை ஒட்டியது என்று அதே புத்தகம் சொல்கிறது. அப்படியானால் 22 யாருக்கு? கவுன், மாஸ்க், கையுறை, தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு கூண்டு மாற்றுகிற நமக்கு. வெளியே சென்னை வெயில் கொளுத்த, உள்ளே சுண்டெலிகள் குளிரில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டிக் கிடந்தன. அறையைச் சூடாக்க முடியாது, ஆட்கள் வேலை செய்ய முடியாமல் போகும். கூடு கட்டிக்கொள்ள எதையாவது கொடு என்கிறது கைடு. ஆட்டோகிளேவில் நீராவியால் கிருமி நீக்கிய காகிதக் கீற்றுகளைப் போட்டோம். மறுநாள் காலையில் ஒவ்வொரு கூண்டிலும் குருவிக்கூடு மாதிரி உருண்டையாக ஒரு கூடு. உள்ளே வெறும் மூக்குகள்.

இனி ஒரு பெரிய புத்தகம். அமெரிக்க ஆய்வக விலங்கு மருத்துவக் கல்லூரி என்று ஒன்று இருக்கிறது, 'ஏக்லாம்' என்பார்கள். கட்டடமும் மாணவர்களும் உள்ள கல்லூரி அல்ல அது. 1957-ல் தொடங்கிய, தேர்வு நடத்தி நிபுணர் தகுதி வழங்கும் அமைப்பு. அமெரிக்காவில் ரெசிடென்சி என்ற சிறப்புப் பயிற்சியை முடித்து அந்தத் தேர்வு எழுதுகிறவர்களின் மேஜையில் அதன் வெளியீடான 'லேபரட்டரி அனிமல் மெடிசின்' இல்லாமல் இராது. 2015-ல் வந்த மூன்றாம் பதிப்பு 1,700 பக்கங்களைத் தாண்டும். விலையைப் பார்த்தால் ஒரு மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கு போய்விடும். சொந்தமாக வாங்க வேண்டியதில்லை, நிறுவனத்தை வாங்க வைக்க வேண்டும். நான் மூன்று முறை எழுதிக் கேட்டேன்.

அதை நான் முதலில் படித்த விதம் தவறு. முதல் பக்கத்தில் ஆரம்பித்து, வரலாற்றைக் கடந்து, சுண்டெலி அத்தியாயத்தின் வைரஸ்களில் போய்ச் சிக்கிக்கொண்டேன். ஒன்றும் தலையில் நிற்கவில்லை. பிறகு முறையை மாற்றினேன். ஒரு மாதத்துக்கு ஒரே விலங்கு. காலையில் அரை மணி நேரம் அந்த விலங்கின் கூண்டு முன்னால் சும்மா நிற்பது. மாலையில் அதே விலங்கின் அத்தியாயத்தைப் படிப்பது. நோட்டில் இடப்பக்கம் நான் பார்த்தது, வலப்பக்கம் புத்தகம் சொன்னது.

அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. ஒரு பக்கத்தின் இடப்புறம் இப்படி எழுதியிருக்கிறேன்: 'மூன்றாம் ரேக், பிளாக் 6 இனப் பெண் எலிகள் நான்கு. மூன்றுக்கு மீசையும் இல்லை, முகத்தில் முடியும் இல்லை. தோலில் சொறியோ சிவப்போ இல்லை.' படர்தாமரையா, உண்ணியா என்று தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் இரண்டு நாள் தேடினேன். எதுவும் இல்லை. எங்கள் பராமரிப்பாளர் அண்ணன் அந்தப் பக்கம் உமி மூட்டையோடு போனவர் நின்று சொன்னார்: "டாக்டரம்மா, மீசையோட இருக்கா பாருங்க ஒருத்தி, அவதான் மத்ததுக்கெல்லாம் சிரைச்சு விடுறா. ராத்திரியில பாக்கணும்." வலப்பக்கத்தில் புத்தகத்தின் வாசகம் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்குப் பெயரே நாவிதம் செய்தல் என்பதுதான். கூண்டு முழுக்க மொட்டையாக ஒன்று மட்டும் முழு மீசையோடு இருந்தால், வேலையைச் செய்வது பெரும்பாலும் அந்த ஒன்று. எட்டாவது வரை படித்த மனிதர் அவர். அந்த அத்தியாயத்தின் பல பத்திகளை வேறு சொற்களில் அறிந்து வைத்திருந்தார்.

பெரிய புத்தகம் கைக்கு எட்டவில்லை என்றால் முயலுக்கும் கொறிவிலங்குகளுக்கும் மட்டுமான சிறிய பாடநூல்கள் இருக்கின்றன. நம் ஊர் அனிமல் ஹவுஸ்களில் பெரும்பாலும் சுண்டெலி, எலி, முயல், கினிப்பன்றிதான் என்பதால் முதல் வருடத்துக்கு அவையே போதும். அறுத்துப் பார்க்கும்போது பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ள பெர்சியும் பார்ட்ஹோல்டும் தொடங்கிய நோய்க்கூற்றியல் நூல். மயக்கமருந்துக்குப் பால் ஃப்ளெக்நெல் எழுதியது. நாய்க்கு மயக்கம் கொடுக்கும் முன் பட்டினி போடுவோமே, எலியை அப்படிப் போடக் கூடாது. எலியால் வாந்தி எடுக்க முடியாது, ஆகவே மயக்கத்தில் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்ற பயமே இல்லை. பட்டினி போட்டால் சர்க்கரை இறங்கி அதுவே ஆபத்தாகும். இந்த மாதிரி, நாம் பழகியதைத் தலைகீழாகத் திருப்பும் விஷயங்களுக்காகவே அதைப் படிக்க வேண்டும்.

கைமாறி வரும் பழைய ஜெராக்ஸ் குறிப்புகள் பற்றி ஓர் எச்சரிக்கை. சீனியர்களின் குறிப்புகள் தேர்வுக்கு உதவும், எனக்கும் உதவின. ஆனால் ஆண்டைப் பார்க்காமல் எதையும் நம்பக் கூடாது. கார்பன் டை ஆக்சைடு கொடுத்துக் கருணைக்கொலை செய்யும்போது நிமிடத்துக்குப் பெட்டியின் கொள்ளளவில் 10 முதல் 30 சதவீதம் வாயு செலுத்த வேண்டும் என்று என்னிடம் வந்த குறிப்பில் இருந்தது. அமெரிக்கக் கால்நடை மருத்துவ சங்கத்தின் கருணைக்கொலை வழிகாட்டியின் 2013 பதிப்பில் அப்படித்தான் இருந்தது. 2020 பதிப்பு அதை 30 முதல் 70 சதவீதமாக மாற்றிவிட்டது. மூலமே இலவசமாகக் கிடைக்கும்போது ஜெராக்ஸை நம்பி ஓர் உயிரின் கடைசி நிமிடத்தை நீட்டிவிடக் கூடாது.

ஆய்விதழ்களும் அப்படியே. அமெரிக்க ஆய்வக விலங்கு அறிவியல் சங்கம் நடத்தும் இரண்டு இதழ்களின் கட்டுரைகளைப் பப்மெட் சென்ட்ரல் என்ற இணையக் களஞ்சியத்தில் காசு கொடுக்காமல் படிக்கலாம். வாரத்துக்கு, நோயுற்ற ஒரு விலங்கைப் பற்றிய ஒரே ஒரு கட்டுரை. முதலில் அறிகுறிகளை மட்டும் படித்துவிட்டு மூடி, நோய் என்னவென்று எழுதி வைத்து, பிறகு திறந்து பார்ப்பேன். முதல் ஆறு மாதம் பெரும்பாலும் தவறாகத்தான் எழுதினேன்.

புத்தகத்தை விட்டு வீடியோவுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

எலியைத் தூக்குவது என்றால் எங்களுக்கெல்லாம் சொல்லித் தந்தது வாலின் அடியைப் பிடித்துத் தூக்குவதுதான். 2010-ல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வாலைப் பிடித்துத் தூக்கப்பட்ட சுண்டெலிகளையும், ஒரு குழாய்க்குள் போகவிட்டுத் தூக்கப்பட்ட அல்லது உள்ளங்கையைக் குவித்து அள்ளப்பட்ட சுண்டெலிகளையும் ஒப்பிட்டார்கள். வாலைப் பிடித்தவரின் கையிலிருந்து சுண்டெலி விலகி ஓடியது, பதற்றம் கூடியது. குழாயில் தூக்கியவரிடம் தானே வந்தது. பிரிட்டனின் என்.சி.3.ஆர்.எஸ். என்ற அரசு ஆதரவு அமைப்பு இதைக் காட்டும் வீடியோக்களை இலவசமாக வைத்திருக்கிறது.

அதை நான் ஒரு மதியம் அலுவலகக் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பின்னால் வந்து நின்றார். ஆங்கிலம் புரியாது. புரியத் தேவையும் இல்லை, காட்சியிலேயே எல்லாம் இருந்தது. இரண்டு தடவை பார்த்தார். "இருபது வருசமா வாலைப் புடிச்சுத்தாம்மா தூக்கறேன்," என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பிளம்பிங் வேலையில் மிஞ்சிய பிளாஸ்டிக் குழாயை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, விளிம்பு கீறாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கழுவி, ஐந்து துண்டு கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். இப்போது ஒவ்வொரு கூண்டிலும் ஒரு குழாய் இருக்கிறது. ஊசி போட வருகிற ஆராய்ச்சி மாணவர்களுக்குத் தூக்கக் கற்றுக்கொடுப்பது அவர்தான்.

அதே என்.சி.3.ஆர்.எஸ். அமைப்பிடம்தான், முகத்தைப் பார்த்து வலியை அளக்கும் அளவுகோலின் சுவரொட்டியும் கிடைக்கிறது. 2010-ல் மாண்ட்ரீலின் மக்கில் பல்கலைக்கழகத்தினர் சுண்டெலியின் முகத்தை வைத்து வலியை அளக்க ஒரு முறை வகுத்தார்கள். கண் இடுங்குதல், மூக்கு உப்புதல், கன்னம் உப்புதல், காது பின்னால் போதல், மீசை மாறுதல் என்று ஐந்து குறிகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று மதிப்பெண். படங்களைப் பார்த்தால் எளிதாகத் தெரியும். கூண்டு முன்னால் நின்றால் அவ்வளவு எளிதில்லை, ஆளைக் கண்டதும் எலி முகத்தை மாற்றிக்கொள்ளும். கொஞ்ச நேரம் அசையாமல் நின்று காத்திருக்க வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை வர ஒரு வருடம் ஆயிற்று. வயிற்று அறுவை முடிந்த எலிகளை அன்று மாலை பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கின்றன, ஓடுகின்றன என்று கையெழுத்துப் போட்ட நாட்கள் உண்டு. அந்தத் தாள்களை இப்போது எடுத்துப் பார்க்க மனம் வருவதில்லை. இந்தச் சுவரொட்டியை நான் முதல் வாரத்திலேயே பார்த்திருக்க வேண்டும். தங்கைக்கு வேறு எதை அனுப்புவதற்கு முன்பும் இதைத்தான் அனுப்பினேன்.

நோய் பற்றித் தெரிந்தாலும் இனம் பற்றித் தெரியாவிட்டால் பாதிதான் தெரியும். ஒரு மாணவர் வந்து, நீர்த்தொட்டிப் புதிர்ச் சோதனையில் தன் எலிகள் எதையும் கற்றுக்கொள்ளவில்லை, மருந்து மூளையைப் பாதித்துவிட்டது போலிருக்கிறது என்றார். மருந்து கொடுக்காத எலிகள்? அவையும் கற்கவில்லை. எந்த இனம் என்று கேட்டேன். சி3எச். அந்த இனத்து எலிகளுக்கு விழித்திரையைச் சிதைக்கும் மரபுப்பிழை உண்டு. பால்குடி மறக்கிற வயதிலேயே பார்வை போய்விடும். எஃப்விபி இனத்துக்கும் அப்படியே. சுவரில் ஒட்டியிருக்கும் அடையாளங்களைப் பார்த்துத்தான், தண்ணீருக்குள் மறைந்திருக்கும் மேடை எங்கே என்று அந்தச் சோதனையில் நீந்திக் கண்டுபிடிக்க வேண்டும். குருட்டு எலிகளைத் தொட்டியில் விட்டு நான்கு மாதம் போயிருந்தது. பிளாக் 6 என்று எல்லோரும் ஒரே மூச்சில் சொல்வதிலும் ஜே, என் என்று இரண்டு கிளைகள். 1951-ல் பிரிந்தவை. ஜே கிளையில் இன்சுலின் சுரப்பைப் பாதிக்கும் ஒரு மரபுக் குறை, என் கிளையில் விழித்திரையைப் பாதிக்கும் வேறொரு குறை. இவற்றையெல்லாம் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகம் இலவசமாக எழுதியும் பாடமாகவும் வைத்திருக்கிறது. அங்கே ஒரு மாதம் செலவிட்டால் ஆராய்ச்சியாளர்கள் நம்மை மதிக்கத் தொடங்குவார்கள் என்பது என் அனுபவம். ஆராய்ச்சி தொடங்கும் முன்பே கேட்க வருவார்கள்.

நம் ஊரில் என்ன இருக்கிறது என்றும் தங்கை கேட்டாள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு மாதவரத்தில் ஆய்வக விலங்கு மருத்துவத்துக்கென்றே ஒரு துறை இருக்கிறது. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் ஆய்வக விலங்குகளை வளர்த்துக் கொடுப்பதையும் பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பதையும் பல்லாண்டுகளாகச் செய்திருக்கிறார்கள். அந்த நிறுவனம் பிறந்தது நம் குன்னூரில். 1918-ல் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கியதுதான் வேர், 1958-ல்தான் ஹைதராபாத்துக்குப் போனது. குன்னூரில் அவர் எலிகளைக் கூட்டங்கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களும் சாப்பிடுவதை ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொடுத்து வளர்த்தார். சப்பாத்தியும் பாலும் நெய்யும் தின்ற சீக்கிய உணவு எலிகள் நன்றாக வளர்ந்தன. மதராஸ் உணவு கொடுத்த எலிகள் வரிசையில் கடைசி. இது எனக்குப் படிக்கக் கிடைத்தபோது, எலியின் தீவனத்தைப் பற்றி அதுவரை காட்டிய அலட்சியம் போயிற்று. தீவனம் மாறினால் எலியே மாறிவிடும். மூட்டையின் தயாரிப்புத் தேதியைப் பார்க்காமல் இப்போது கையெழுத்துப் போடுவதில்லை. கினிப்பன்றித் தீவனமானால் இன்னும் கவனம். மனிதனைப் போலவே அதன் உடம்பாலும் வைட்டமின் சி தயாரிக்க முடியாது, மூட்டையில் உள்ள வைட்டமினோ நாள்பட நாள்பட அழிந்துகொண்டே வரும்.

இத்தனை சொன்னேனே, இதில் தமிழில் எது? நான் தேடியவரை, அண்ணன் உட்கார்ந்து படிக்கக்கூடியதாக எதுவும் கிடைக்கவில்லை. இது எனக்குத் தீராத ஆற்றாமை. கூண்டை ஒரு நாளில் முதலில் பார்ப்பவரும் கடைசியில் பார்ப்பவரும் அவர். நான் ஒரு எலியைப் பார்க்கிற நேரத்தில் அவர் நூறு எலிகளைப் பார்த்திருப்பார். படிப்புக்கான பொருள்கள் அத்தனையும் மருத்துவருக்கும் விஞ்ஞானிக்கும் எழுதப்பட்டிருக்கின்றன, அதுவும் ஆங்கிலத்தில்.

அதனால் நானே எழுதத் தொடங்கினேன். ஒரு பக்கத்துக்கு ஒரு விஷயம், பெரிய எழுத்து, கூண்டு அறைச் சுவரில் ஒட்டுகிற மாதிரி. முதலில் பாடநூல் தமிழில் எழுதினேன். 'நீர்ச்சத்திழப்பு' என்று ஒரு வரி. அண்ணன் படித்துவிட்டு, "இது தோலைக் கிள்ளி விட்டா மடிப்பு மடிப்பாவே நிக்குமே, அதுங்களா?" என்றார். அப்படியே மாற்றினேன். 'ரோமம் சிலிர்ப்பு' என்று நான் எழுதியதை 'முள்ளு முள்ளா நிக்கிறது' என்று மாற்றியதும் அவர்தான். நடை தளர்வு, கூன் போட்டு உட்காருதல், பல் நீண்டு வாய்க்கு வெளியே வளைதல் என்று இதுவரை பதினான்கு பக்கம் ஆகியிருக்கிறது. ஊசிப்புழுவைக் கண்டுபிடிக்கிற செல்லோடேப் முறையை அண்ணனுக்கே கற்றுக்கொடுத்தேன். எலியின் ஆசனவாய்ப் பக்கம் டேப்பை ஒற்றி எடுத்துக் கண்ணாடித் துண்டில் ஒட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் வாழைப்பழம் போல வளைந்த முட்டைகள் தெரியும். முதல் முட்டையைப் பார்த்த அன்று அவர் நுண்ணோக்கியை விட்டு எழுந்திருக்கவில்லை.

மருந்து அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் பக்கம் மட்டும் நான் யாரையும் கேட்காமல் எழுதியது. கினிப்பன்றிக்கும் ஹாம்ஸ்டருக்கும் போடக் கூடாத மருந்துகளின் பெயர்கள். ஆம்பிசிலின்தான் முதல் வரி.

பதினான்கு பக்கத்தையும் படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பியிருந்தேன். போன வாரம் இரவு ஒன்பது மணிக்கு அவளிடமிருந்து ஒரு போட்டோ. வெள்ளை எலி, கண்ணைச் சுற்றியும் மூக்கிலும் சிவப்பாகக் கறை. "அக்கா, ரத்தம் வருது. அடிபட்ட மாதிரி இல்ல. என்ன பண்ணட்டும்?"

இரத்தம் இல்லை, பதறாதே என்று எழுதினேன். எலியின் கண்ணுக்குப் பின்னால் ஹார்டர் சுரப்பி என்று ஒன்று, அது சுரக்கும் நீரில் போர்ஃபிரின் என்ற சிவப்பு நிறமி இருக்கும். புற ஊதா விளக்கு இருந்தால் காட்டிப் பார், ஒளிரும். நல்ல உடம்போடு இருக்கும் எலி அதை அவ்வப்போது துடைத்துக்கொண்டே இருக்கும். நோயோ பயமோ வேறு துன்பமோ வந்தால் அதிகமாகச் சுரக்கும், துடைத்துக்கொள்வதும் நின்றுவிடும். கண்ணுக்கு மருந்து தேடாமல், கூண்டைப் பார்.

இருபது நிமிடம் கழித்துப் பதில் வந்தது. தண்ணீர் பாட்டிலின் முனைக்குழாயில் குண்டு இறுகிப்போய் அடைத்திருக்கிறது. பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. மாற்றி வைத்ததும் எலி குழாயை விட்டு வாயை எடுக்கவே இல்லையாம். வரிசையில் இருந்த மற்ற நாற்பது பாட்டில்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தாள்.